எதை எதால் வகுத்தார்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: கட்சிக்காரர்கள் சொல்லும் கணக்கு. அதனால் உடல்நலம், ஓய்வூதியம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கருவூலத் துறையில் 33 ஆண்டுகள் பில் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஓட்டு மட்டும் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: 2024 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் பா.ஜ.க. தன் வாக்கு மூன்று மடங்கானதாகச் சொன்னது. அ.தி.மு.க. தனக்கு ஒரு சதவீதம் கூடியதாகச் சொன்னது. தி.மு.க. கூட்டணி நாற்பதும் நமதே என்று கொண்டாடியது. தோற்றவர், வென்றவர் எல்லோருமே எப்படி ஐயா வளர முடியும்?

நல்ல கேள்வி தம்பி. மூன்று பேர் சொன்ன எண்களும் தேர்தல் ஆணையத்தின் எண்கள்தான், யாரும் இட்டுக்கட்டவில்லை. விஷயம் எண்ணுக்குக் கீழே இருக்கிறது.

பா.ஜ.க.வை எடுத்துக்கொள்வோம். 2019-ல் 3.66 சதவீதம், 2024-ல் 11.24. மூன்று மடங்கு என்பது சரி. ஆனால் 2019-ல் தாமரை நின்றது 5 தொகுதிகளில். 2024-ல் கூட்டணிக் கட்சிகளின் வேட்பாளர்கள் நால்வரையும் சேர்த்துத் தாமரைச் சின்னத்தில் நின்றவர்கள் 23 பேர். மாநிலம் முழுக்க விழுந்த மொத்த ஓட்டுக்குத்தான் இந்தச் சதவீதம். ஐந்து கடை வைத்திருந்தவர் இருபத்து மூன்று கடை திறந்தால் மொத்த வியாபாரம் கூடத்தானே செய்யும்? நின்ற இடத்துக்குச் சராசரி என்னவென்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 2019-ல் சுமார் 28 சதவீதம், 2024-ல் சுமார் 19.

உடனே பா.ஜ.க. தேய்ந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு இதை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. 2019-ல் அந்த 5 தொகுதிகளில் விழுந்த ஓட்டில் அ.தி.மு.க., பா.ம.க., தே.மு.தி.க. ஓட்டுகளும் கலந்திருந்தன. 2024-ல் அ.தி.மு.க. அந்தக் கூட்டணியில் இல்லை. ஆகவே மூன்று மடங்கு வளர்ச்சி என்பதும் சரியில்லை, மூன்றில் ஒரு பங்கு சரிவு என்பதும் சரியில்லை. பெரிய கட்சியின் துணை இல்லாமல் பரவலாக நின்று இவ்வளவு வாங்கினார்கள் என்பது மட்டும்தான் நிற்கும்.

அ.தி.மு.க.வின் ஒரு சதவீதமும் இதே கதைதான். 2019-ல் இரட்டை இலை நின்ற தொகுதிகள் இருபதை ஒட்டி. 2024-ல் 34. அவ்வளவு தொகுதி கூடியும் 20.46 சதவீதத்தில் நின்றது என்றால், அதை ஏற்றம் என்று தொண்டனிடம் சொல்வது அவனுக்குச் செய்யும் நன்மை அல்ல.

தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளையும், புதுச்சேரியையும் சேர்த்து 40-ஐயும் வென்றது. ஐயமே இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கு விழுந்தது 46.97 சதவீதம். அதாவது ஓட்டுப் போட்ட நூறு பேரில் 53 பேர் வேறு யாருக்கோ போட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தமிழ்நாட்டிலிருந்து உறுப்பினர் கிடைக்கவில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற நம் முறை அப்படி. ஆனால் தமிழ்நாடே எங்கள் பக்கம் என்று மேடையில் சொல்லும்போது அந்த 53 பேரும் ஊரில் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சதவீதம் என்று யார் சொன்னாலும் எதில் சதவீதம், எத்தனை இடத்தில் நின்று வாங்கியது என்று கேளுங்கள் தம்பி. இந்த இரண்டையும் ஒரு நோட்டில் நீங்களே எழுதிப் போட்டுப் பாருங்கள்.

இல்லத்தரசி, மன்னார்குடி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மாமனாரும் என் மகனும் பேச்சுவார்த்தை இல்லாத அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இத்தனை லட்சம் கடன் என்று ஒருவர் போடுகிறார். தமிழ்நாட்டின் கடன் கட்டுக்குள்தான் இருக்கிறது என்று மற்றவர் போடுகிறார். உண்மையில் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு கடன்?

அம்மா, உங்கள் வீட்டுக்கு இதனால் ஒரு நோட்டீசும் வராது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இந்த ‘ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும்’ என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2021 ஆகஸ்டு 9-ம் தேதி. அப்போது தி.மு.க. அரசின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று சொன்னார். சுமார் 5.70 லட்சம் கோடியை 2.16 கோடிக் குடும்பங்களுக்குப் பங்கு வைத்தால் வரும் எண் அது. முந்தைய ஆட்சி என்ன நிலையில் விட்டுப்போனது என்று காட்டுவதற்கு அப்போது அது பயன்பட்டது. பிறகு என்ன ஆயிற்று? 2025-26 பட்ஜெட்டில் 2026 மார்ச் இறுதிக்கான கடன் 9,29,959 கோடி என்று மதிப்பிட்டார்கள். அதே 2.16 கோடியால் வகுத்தால் குடும்பத்துக்குச் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம். அன்று தி.மு.க. சுழற்றிய வாளை இந்த முறை எதிர்க்கட்சிகள் எடுத்துச் சுழற்றின. தி.மு.க. பக்கம் உடனே வேறு வகுத்தல் போட்டார்கள்: மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் கடன் 26.07 சதவீதம்தான், வரம்புக்குள்தான் இருக்கிறது என்று.

எந்த வகுத்தல் சரி? இரண்டுமே அரைகுறை. குடும்பத்தால் வகுப்பதில் பயமுறுத்தல் இருக்கிறது, ஏனென்றால் மாநிலத்தின் வருமானம் அதில் இல்லை. மாதம் 15 ஆயிரம் சம்பாதிப்பவர் வாங்கிய இரண்டு லட்சமும் மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் வாங்கிய நான்கு லட்சமும் ஒன்றல்ல. உற்பத்தி மதிப்பால் வகுப்பதில் ஆறுதல் அதிகம், ஏனென்றால் உற்பத்தி மதிப்பு முழுவதும் அரசின் கைக்கு வருவதில்லை. உங்கள் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டி, அதில் உங்கள் கடன் 26 சதவீதம்தான் என்று சொல்வதுபோல. மின்வாரியம் போன்ற அரசு நிறுவனங்கள் தங்கள் பெயரில் வாங்கிய கடனும் அந்த எண்ணுக்குள் வராது.

பட்ஜெட்டில் நான் பார்ப்பது இரண்டு எண்களை மட்டும். ஒன்று, வட்டி. 2025-26 மதிப்பீட்டில் வருவாய் வரவு சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி. அதில் வட்டிக்குச் சுமார் 70 ஆயிரம் கோடி. வரும் ரூபாயில் 21 காசு வட்டிக்கே போகிறது. இரண்டு, வருவாய்ப் பற்றாக்குறை. அது 41 ஆயிரம் கோடிக்கு மேல். அதாவது சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பாலத்துக்கும் அணைக்கும் வாங்கிய கடன் பேரன் காலத்திலும் கண்ணுக்குத் தெரியும். அன்றாடச் செலவுக்கு வாங்கியது தெரியாது. என் ஓய்வூதியமும் அந்தச் செலவில் ஒரு பகுதி என்பதை மறந்து இதை எழுதவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் பேச வேண்டிய பேச்சு. இதை மேடையில் பேசுகிறவர்கள் குறைவு.

மாமனாருக்கும் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். இரண்டு பேரும் ஃபார்வர்டு செய்வதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பட்ஜெட் உரையின் கடைசிப் பக்கங்களைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். நிதித்துறை இணையதளத்தில் தமிழிலேயே இருக்கிறது. பெரியவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள், பையன் போனில் திறந்து கொடுக்கட்டும்.

வாசகர், விழுப்புரம்: ‘இதுவரை இல்லாத அளவுக்கு நிதி ஒதுக்கீடு’ என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறார்களே?

விலைவாசியும் சம்பளமும் ஏற ஏற, ஒதுக்கீடும் அநேகமாக எல்லா ஆண்டும் ஏறத்தான் செய்யும். என் அக்கறை ஏற்றத்தில் இல்லை, ஒதுக்கீடு என்ற சொல்லில் இருக்கிறது. ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. மார்ச் 31 ராத்திரி பன்னிரண்டு மணி வரை கருவூலத்தில் உட்கார்ந்து பில் பாஸ் செய்தவர்களுக்கு இது உடம்பில் ஏறிய பாடம். ஆண்டு தொடக்கத்தில் தலைப்புச் செய்தியான தொகை, ஆண்டு முடிவில் செலவாகாமல் ‘சரண்டர்’ ஆகித் திரும்பிப் போகும். அந்தக் கடிதத்துக்கு எந்த நாளிதழிலும் இடம் இருக்காது. ஒரு திட்டத்துக்கு உண்மையில் எவ்வளவு போனது என்று அறிய, இரண்டு ஆண்டு பொறுத்து வரும் பட்ஜெட் புத்தகத்தில் ‘கணக்குகள்’ என்ற பத்தியைப் பாருங்கள். மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்குகள் என்று மூன்று இருக்கும். மூன்றாவதுதான் நடந்தது.

முதலீட்டாளர் மாநாடுகளும் அப்படித்தான். 2015-ல் 2.42 லட்சம் கோடி, 2019-ல் 3 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி என்று இரண்டு கட்சி ஆட்சிகளும் அறிவித்தன. மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தத் தொகைகள். கையெழுத்து போட்ட தாளே தொழிற்சாலை ஆகிவிடாது. எத்தனை ஆலை ஓடுகிறது, எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை ஆளுகிற கட்சி ஊர் பெயரோடு பட்டியல் போட வேண்டும். எதிர்க்கட்சியும் ஒன்றுமே வரவில்லை என்று வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது.

சிறுதொழில் நடத்துபவர், கோயம்புத்தூர்: தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் மத்திய அரசு 29 காசுதான் திருப்பித் தருகிறது என்கிறார்களே, அது பொய்யா?

பொய் என்று தள்ள மாட்டேன். துல்லியம் என்றும் ஏற்க மாட்டேன்.

ஒரு மாநிலம் ‘கொடுத்த’ நேரடி வரி என்பது அந்த மாநிலத்தில் கட்டப்பட்ட வரி. உங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால் அதன் வருமான வரி பெரும்பாலும் மகாராஷ்டிரக் கணக்கில் ஏறும். சென்னையில் பதிவான நிறுவனம் ஒடிசாவில் சம்பாதித்ததும் நம் கணக்கில் வரும். ஆகவே ‘நம் ரூபாய்’ எது என்று பிரித்துக் காட்டுவதே கடினம். 29 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிரில் இருப்பவர் இந்த ஓட்டையைக் காட்டி முழு வாதத்தையும் தள்ளிவிடுவார். எனக்கு இதில் வருத்தம் அதுதான், ஏனென்றால் அடிப்படையில் நம் குறை நியாயமானது. அதற்கு அசைக்க முடியாத எண்கள் இருக்கின்றன. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அப்படிப் பகிரும் வரியில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக்குழுவில் 4.969 சதவீதம். 14-வதில் 4.023. 15-வதில் 4.079. 15-வது நிதிக்குழு 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டது. வருமான இடைவெளிக்கு, அதாவது வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் என்ற அளவுகோலுக்கு மட்டும், 45 சதவீத எடை கொடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்து, கொஞ்சம் சம்பாதிக்கவும் கற்றுக்கொண்ட மாநிலத்துக்கு இரண்டிலும் அடி. போதாததற்கு, வரிக்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்று மத்திய அரசு கூடுதலாக வசூலிப்பது பகிர வேண்டிய தொகுப்புக்குள்ளேயே வராது. 41 சதவீதம் பகிர்கிறோம் என்பது அதைக் கழித்த பிறகு உள்ள தொகையில்தான்.

மத்திய அரசின் தரப்பு சொல்லும் பதிலுக்கு வருகிறேன். 2014-க்கு முந்தைய பத்தாண்டில் கொடுத்ததைவிட அடுத்த பத்தாண்டில் பல மடங்கு கொடுத்தோம் என்பார்கள். தொகை உண்மை. ஆனால் இடையில் ஏறிய விலைவாசி அதில் இல்லை. நாட்டின் மொத்த வரி வசூலே எவ்வளவு பெருகியது என்பதும் இல்லை. மாநிலங்களின் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தச் சொன்னது ஓர் அரசியல் சாசன அமைப்பான நிதிக்குழு. அதைக் கட்சியின் கொடைபோலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் பத்தாண்டுக்கு முன் ஒரு மோட்டார் பம்புக்கு வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் வைத்து ‘என் லாபம் இவ்வளவு’ என்று சொல்வீர்களா?

ஆசிரியை, தருமபுரி: நீட் தேர்வை யார்தான் கொண்டுவந்தது? மாணவர்கள் கேட்கிறார்கள். எந்தக் கட்சிப் பெயரைச் சொன்னாலும் வகுப்பில் சண்டை வருகிறது.

கட்சிப் பெயரில் தொடங்காதீர்கள் அம்மா, தேதியில் தொடங்குங்கள். கரும்பலகையில் இப்படியே எழுதலாம்.

2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவிக்கை. மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, தி.மு.க. அதில் பங்கு. 2011 ஜனவரியில் அதே தி.மு.க.வின் மாநில அரசு சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2013 மே மாதம் முதல் நீட். ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறுசீராய்வு கேட்டுப் போனபோது மத்தியில் இருந்தது காங்கிரஸ் அரசு. 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது, அப்போது பா.ஜ.க. ஆட்சி. அந்த ஆண்டு அவசரச் சட்டத்தால் மாநிலங்களுக்கு விலக்கு. பிறகு அதே பா.ஜ.க. அரசு சட்டத்திருத்தத்தால் நீட்டைக் கட்டாயமாக்கியது. 2017-ல் அ.தி.மு.க. ஆட்சியில் சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. அது நிராகரிக்கப்பட்ட விவரம் 2019-ல்தான் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. 2021 செப்டம்பரில் தி.மு.க. ஆட்சியில் மீண்டும் மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றம். 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் கதையை 2010-ல் தொடங்கி அங்கேயே முடிக்கும். தி.மு.க. 2016-ல் தொடங்கும். யாருடைய வாக்கியமும் தனியாகப் பொய்யில்லை. 2021 தேர்தல் மேடைகளில் ‘ஆட்சிக்கு வந்ததும் நீட் ரத்து’ என்று கேட்டோமே, மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்பது அந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப்போனது. அதை நம்பி ஓராண்டு காத்திருந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருந்திருப்பார்கள். அவர்களிடம் முழுப் பட்டியலையும் கொடுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்: வீடியோவே இருக்கும்போது எப்படிப் பொய்யாகும்?

உங்கள் ஊரே பார்த்ததுதானே. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பரவிய வீடியோக்களில் பல வேறு மாநிலங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகள். ஹோலிக்கு ஊர் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தை, பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டினார்கள். பீகார் சட்டமன்றம் வரை அமளி போனது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. படம் எங்கே, என்றைக்கு எடுத்தது என்று இரண்டும் தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

வாசகர், வேலூர்: அரசே தகவல் சரிபார்ப்பகம் வைத்திருக்கிறதே, அதை நம்பலாமா?

மேலே சொன்ன மாதிரிப் புரளிகளுக்கு உதவும். புயல், பள்ளி விடுமுறை, பழைய வீடியோ போன்றவற்றுக்குப் பாருங்கள். அரசு மீதே வரும் குற்றச்சாட்டுக்கு அரசின் சரிபார்ப்பகம் தீர்ப்புச் சொன்னால் அதை ஒரு தரப்பின் மறுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே தீர்மானிக்க 2023-ல் விதி கொண்டுவந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு.

பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்: நான் ஒரு கட்சியின் ஐடி விங்கில் இருக்கிறேன். கட்சியை மனதார நேசிக்கிறேன். சமூக ஊடகத்தில் போடச் சொல்லித் தினமும் வரும் படக் கார்டுகளில் சில முழு உண்மை இல்லை என்று தெரிந்தும் போடுகிறேன். மாதிரிக்கு மூன்று அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

தம்பி, உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் பணியில் சேர்ந்து ஆறாவது ஆண்டு நடந்ததை உனக்குச் சொல்கிறேன்.

ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. சட்டமன்றக் கேள்வி ஒன்றுக்காக வெள்ள நிவாரணத் தொகை கேட்டு மேலிருந்து தாள் வந்தது. ஒரு வட்டத்துக்கு ஒதுக்கிய தொகை ஒன்று, அதுவரை பில் பாஸ் ஆகி மக்கள் கைக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. இரண்டையும் எழுதிக்கொண்டு போனேன். ஒதுக்கியதை மட்டும் எழுது, ‘வழங்கப்பட்டது’ என்று தலைப்புப் போடு என்றார்கள். போட்டேன். கையெழுத்தும் என்னுடையது. பொய் என்று எனக்குத் தோன்றவில்லை, எப்படியும் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பாட்டி, மடித்த நாளிதழோடு அலுவலகத்துக்கு வந்தார். “எங்க ஊருக்குக் காசு வந்துருச்சுன்னு இதுல போட்டுருக்காம். எங்க பேர்ல வாங்குனது யாரு சாமி?” என்று கேட்டார். அதற்குள் அந்த ஊரில் தலையாரிதான் தின்றுவிட்டார் என்று பேச்சாகி, அவர் வீட்டு வாசலில் நின்று ஏசியிருக்கிறார்கள். அவர் மகளுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அவர் ஒரு காசு தொடவில்லை, அது எனக்கு மட்டும் தெரியும். பாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். தலையாரி வீட்டுக்குப் போய்ச் சொல்ல மூன்று மாதம் தயங்கினேன், போனபோது அவர் மாற்றலாகியிருந்தார்.

ஆகவே கட்சியை விடு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நேசிக்கிற கட்சிக்கு உண்மையான சாதனைகள் இருக்கும், அவற்றைச் சத்தமாகச் சொல். நீ அனுப்பிய மூன்றையும் பார்த்தேன். காலை உணவுத் திட்டத்தைப் பற்றிய முதல் கார்டு சரி, போடு. இரண்டாவதில் குற்ற வழக்குகள் குறைந்ததாகப் பட்டை வரைபடம் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு என்று இல்லை. ஆண்டு தெரிந்த பிறகு போடு. மூன்றாவதில் உங்கள் மாவட்டத்துப் புதுப் பாலம் என்று ஒரு படம். விரலால் பெரிதாக்கி இடது பக்கத் தூணைப் பார், அதில் தெலுங்கில் எழுதியிருக்கிறது. அதைப் போடாதே. ஏன் போடவில்லை என்று உன் ஒருங்கிணைப்பாளர் கேட்டால், இதையே காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.